பங்குனி உத்திரத்து இழுவை

நீரிலும் நெருப்பிலும் நிறைந்து நின்று, அடியேனின் பதற்றத்தையும் பொறுத்தருளிய பெருமானின் திருவடிகளை வணங்கி இதனை எழுதுகிறேன்.

உலகப் போர் முடிந்த மறு ஆண்டு, பங்குனி உத்திரத் திருநாள். தூத்துக்குடிக்குத் தெற்கே ஓர் உப்பளத்தில் நான் மேற்பார்வையாளனாக இருந்தேன். எங்கள் முதலாளியிடம் இரும்புச் சக்கரங்கள் கொண்ட, ஏறத்தாழ என் வயதையொத்த பழைய டிராக்டர் ஒன்று இருந்தது. பக்கத்து அளத்துக்காரரிடமும் ஒன்று. உப்பு மூட்டைகள் ஏற்றிய மரச்சட்டத்தை எது நிற்காமல் கொடிவரை இழுக்கும் என்று இருவரும் பந்தயம் பேசியிருந்தனர்.

“இழுக்கலேன்னா எஞ்சினும் இருக்காது, பிட்டரும் இருக்க மாட்டான்” என்று எங்கள் முதலாளி சொல்லிவிட்டார்.

எஞ்சின்களைப் பழுதுபார்க்கும் அந்தப் பிட்டர் கடற்கரைக் கத்தோலிக்கர். கப்பலின் எஞ்சின் அறையில் பல்லாண்டு உழைத்தவர். நான்கு பிள்ளைகளின் தகப்பன். ஒரு மாதமாக அந்த எஞ்சினோடே கிடந்தார். உள்ளழுத்தம் கூடுவதற்காக சிலிண்டர் தலையின் அடிப்பரப்பைத் தேய்த்துக் குறைத்தார். வால்வுகளை அரைத்துப் பொருத்தினார். புகைக்குழாயைப் பாதியாக அறுத்தார்.

“தலையைச் சீவியாச்சு, வாலையும் அறுத்தாச்சு. இன்னும் மிச்சம் என்னவே இருக்கு?” என்றேன்.

“உசுரு இருக்கு அண்ணாச்சி. அது போதும்.”

அன்று காலையிலிருந்தே என் மனம் ஓரிடத்தில் நிற்கவில்லை. பதிகத்தைத் தொடங்குவேன், மூன்றாம் பாட்டில் அடி தவறும், மறுபடி முதலிலிருந்து தொடங்குவேன். பாத்தி வரப்பில் நடந்து நடந்து காலில் உப்புப் பூத்தது.

பக்கத்து அளத்து டிராக்டர் முதலில் இழுத்துக் கொடியைத் தொட்டுவிட்டது. எங்கள் முறை வந்தது. எஞ்சின் முழங்கிற்று, முன்சக்கரங்கள் சற்றே மேலெழுந்து தணிந்தன, சட்டம் நகர்ந்தது. பாதித் தூரத்தில் எஞ்சின் இருமியது, விக்கியது, நின்றது.

“அண்ணாச்சி, உங்க வண்டி பதிகம் பாடும்னு பாத்தா ஒப்பாரில்லா வைக்குது!” என்று எதிர்த்தரப்பு ஆட்கள் கூவினர்.

பிட்டர் குதித்திறங்கி மண்ணெண்ணெய்த் தொட்டியின் மூடியைத் திருகினார். ‘உஸ்’ என்று காற்று உள்ளே பாய்ந்தது. மூடியின் நடுவே காற்றுப் புக ஒரு சிறு துளை உண்டு. அது அடைபட்டால் எண்ணெய் கீழிறங்காது. அத்துளையின் மேல் சந்தனமும் குங்குமமும் காய்ந்து இறுகிக் கிடந்தன. காலைப் பூசையில் எஞ்சினுக்குப் பொட்டு வைத்தவன் நான். அந்த வட்ட மூடி எனக்கு நெற்றியாகத் தோன்றியிருந்தது.

அவர் என்னைப் பார்த்தார். பெருவிரலால் சந்தனத்தை வழித்தார். ஒன்றும் சொல்லவில்லை. வேதக்காரன், அதாவது கிறித்தவன் ஒருவன் சாமிப் பொட்டைக் குறை சொன்னான் என்று ஊர் பேசுவதைவிட வேலை போவது மேல் என்று எண்ணியிருப்பார்.

“தேய்ச்சுத் தேய்ச்சே கெடுத்துட்டேல்லா? சாமானை எடுத்துட்டுக் கெளம்புலே!” என்றார் முதலாளி.

பிட்டர் பெட்டியைத் தூக்கினார். இன்னும் ஒரு கணம் வாய்மூடி நின்றால், அப்படியே நின்றுவிடுவது எனக்கு எளிதாகிவிடும் என்று அஞ்சினேன்.

“அவர் மேல தப்பு இல்ல முதலாளி. நான் வச்ச பொட்டுதான் துளைய அடைச்சிட்டு.”

“அப்போ சாமி குத்தமா?”

“சாமிக்கு என்ன குத்தம்? எடம் தெரியாம வச்ச என் குத்தம்.”

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். முதலாளி சிரிக்கவில்லை. “ஓட்டிக் காட்டுலே” என்றார் பிட்டரிடம்.

எஞ்சின் மூன்றாம் சுழற்றலில் பிடித்தது. கொடியைக் கடந்து சென்ற வண்டி, அடுத்த பாத்தியின் வரப்பை உடைத்துக்கொண்டுதான் நின்றது. பந்தயம் தோற்றது தோற்றதுதான்.

“மொதல்ல அந்த வரப்பைக் கட்டு. பொறவு எஞ்சினைப் பாரு” என்றார் முதலாளி. பிட்டர் மறுபேச்சின்றி மண்வெட்டியைத் தேடிப் போனார். நான் இன்னொன்றை எடுத்துக்கொண்டு அவர் பின்னே நடந்தேன்.

இதனைப் படிப்போர் எவ்வூரினராயினும், எந்நெறியினராயினும், அவர்தம் கைத்தொழில் தடையின்றி நடக்கவும், பிறர்மேல் விழும் பழியைத் தடுக்க உரிய நேரத்தில் நா எழவும் பெருமான் அருள்வானாக.