குக்கர் விசில் முதல் பக்கத்துக்கு வந்த கதை

மார்டள்ளி கிராமத்திலிருந்து ஒரு மாற்றுச் சட்டையும் ஒரு ஸ்க்ரூ டிரைவரும் எடுத்துக்கொண்டு மைசூருக்கு வந்தவன் நான். தேவராஜ மொஹல்லாவில், இரண்டு பேர் நின்றால் மூன்றாவது ஆள் ரோட்டில் நிற்க வேண்டிய அளவில், குக்கர் மிக்ஸி ரிப்பேர் கடை போட்டேன். அதை வைத்தே மூன்று பிள்ளைகளைப் படிக்க வைத்தேன். மாடி வீடு கட்டினேன். மேஸ்திரி சொன்ன இடத்தில் இல்லாமல் நான் சொன்ன இடத்தில்தான் படிக்கட்டு வந்தது. ஏறும்போது தலை இடிக்கும், அது வேறு விஷயம். இத்தனையும் ஐந்தாம் வகுப்புப் படிப்பில். இன்னொன்றும் கட்டினேன். நெட்டில் யாராவது ‘குக்கர் விசில் வரவில்லை’ என்று தேடினால் முதல் பக்கத்தில் வந்து நிற்கிறதே எங்கள் கடை வலைப்பூ, அது. அதைத்தான் போன வாரம் என் கண் முன்னாலேயே ஒருவர் தூக்கித் தன் பையில் போட்டுக்கொண்டார்.

வியாபாரிகள் கூட்டம் அது. என் மகன் பெங்களூரிலிருந்து அமர்த்தியிருக்கும் ஆலோசகர் மேடையில் நின்றார். வலைப்பூக்கள் தேடலில் ஏன் முன்னால் வருகின்றன என்று ஒரு மணி நேரம் பேச்சு. ஜனங்கள் பேசுகிற வார்த்தையிலேயே எழுத வேண்டுமாம். ஒரு பக்கத்துக்கு ஒரு கேள்விதானாம். வாரா வாரம் புதிதாக ஏதாவது போட வேண்டுமாம். மற்றவர்கள் தங்கள் பக்கத்திலிருந்து நம் பக்கத்துக்கு வழி காட்ட வேண்டுமாம். ஒவ்வொன்றுக்கும் கலர் கலராகப் படம். கடைசியில் எங்கள் வலைப்பூவைத் திரையில் காட்டி, ‘எங்கள் குழுவின் உத்தி’ என்றார். மகன் கை தட்டினான். இது நம் கடைதானே என்று அவன் காதில் கேட்டேன்.

“அப்பா, சும்னே இருங்க,” என்றான்.

இருந்தேன். போண்டா நன்றாக இருந்தது.

வீட்டுக்கு வந்தால் மருமகள் குக்கருக்குப் புது ரப்பர் மாட்டிக்கொண்டிருந்தாள். புது ரப்பருக்கு ஒரு வாசனை உண்டு. உங்களுக்கு அது நாற்றம். எனக்கு அது காலை ஒன்பது மணி, கடை திறக்கிற நேரம். வருகிறவர் யாரும் ‘ரப்பர் தேய்ந்துவிட்டது’ என்று சொல்ல மாட்டார். அது தெரிந்தால் என்னிடம் எதற்கு வருகிறார்? ‘விசில் வரலைங்க, புஸ்ஸு புஸ்ஸுன்னு போகுது’ என்பார். கன்னடக்காரர் ‘விசிலே பர்தில்லா’ என்பார். நான் உடனே குக்கரை வாங்கிவிட மாட்டேன். என்ன ஆயிற்று என்று முழுக்கச் சொல்ல வைப்பேன். எனக்கு எழுத்து மெதுவாகத்தான் வரும். அதனால் கடையின் மரக்கதவுக்கு உள்பக்கம் சாக்பீஸில் ஒரு குக்கர், ஒரு மிக்ஸி ஜார், ஒரு கைப்பிடி என்று படம் போட்டு வைத்திருந்தேன். எது கேட்டு வருகிறார்களோ அதன் கீழே ஒரு கோடு. வார முடிவில் எந்தப் படத்துக்குக் கீழே கோடு அதிகமோ, அந்த ரப்பரையும் பிளேடையும்தான் கூடுதலாக வாங்கி வைப்பேன். இதற்கு இப்போது இங்கிலீஷில் பெரிய பெயர் இருக்கிறதாம். ஆலோசகர் அதற்குத் தனியாக ஒரு ஆள் வைத்திருக்கிறார்.

கடைக்கு மேலே மாடியில் ஜாப் டைப்பிங் நடத்தினவர் பத்மாவதி. மேல்கோட்டைக் குடும்பம். டைப்ரைட்டரெல்லாம் போய்க் கம்ப்யூட்டர் வந்த காலம் அது. ஒருநாள் இறங்கி வந்து, நான் நாள் பூராவும் ஒரே பதிலைக் கத்துவது மாடி வரைக்கும் கேட்கிறது என்று புகார் சொன்னார்.

“நேத்து ஒரு வக்கீல் நோட்டீஸ்ல ‘ரப்பரைத் திருப்பிப் போடுங்க’ன்னு அடிச்சிட்டேன் அண்ணா. ஒரு தடவை எங்கிட்ட ஒழுங்காச் சொல்லிடுங்க. நெட்ல போட்டுடறேன். கேக்கறவாளை அங்க போய்ப் பாருங்கோன்னு சொல்லிடலாம்.”

எங்கள் வலைப்பூ பிறந்தது இப்படித்தான். உத்தி என்று சொன்னால் இதுதான் உத்தி.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் சாப்பாட்டுக்கு அப்புறம் நான் சொல்வேன், அவர் அடிப்பார். அதிகக் கோடு விழுந்த கேள்வி எதுவோ அதுதான் அந்த வாரம். அவர் ‘நீராவிக் கசிவு’ என்று போடுவார். அதை எடுத்துவிட்டுப் புஸ்ஸு என்று போடச் சொல்வேன். அப்படி எழுதினால் மதிப்பாக இருக்காது என்பார்.

“மதிப்பு வேணுங்கறவங்க எதுக்குங்க மேடம் விசிலைத் தேடறாங்க?” என்றேன்.

அச்செடுத்த தாளில் என் கையெழுத்தை வாங்கிக்கொள்வார். டைப்பிங் கடை வழக்கம் அது. சொன்னவர் சரி பார்த்துக் கையெழுத்துப் போட்டால்தான் வேலை முடிந்ததாகக் கணக்கு.

பக்கத்துப் பாத்திரக்கடைக்காரர் தலையில் அடித்துக்கொண்டார். வேலையைச் சொல்லிக் கொடுத்துவிட்டால் எவன் கடைக்கு வருவான் என்று கேட்டார். பாதிப் பேர் வரவில்லைதான், தாங்களே சரி செய்துகொண்டார்கள். மீதிப் பேர் எல்லாவற்றையும் பிரித்துப் போட்டுவிட்டுப் பை நிறைய அள்ளிக்கொண்டு வந்தார்கள். சமையல் குறிப்பு எழுதும் ஓர் அம்மா, பிசிபேளே பாத் அடிப்பிடிக்கிறது என்று கேட்டவர்களையெல்லாம், முதலில் இவரிடம் போய் ரப்பரைப் பாருங்கள் என்று எங்கள் பக்கத்துக்கு அனுப்பினார். அவரைப் பார்த்து இன்னும் நாலு பேர் அனுப்பினார்கள்.

தலைக்கனத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை என் வாழ்க்கை வரலாற்றையே ஆறு பக்கம் சொன்னேன். ஒரு மாதம் கழித்து எத்தனை பேர் பார்த்தார்கள் என்று கேட்டேன். நேற்று ஒருவர் பார்த்தார் என்றார் பத்மாவதி. யார் என்றேன்.

“நான்தான் அண்ணா. எழுத்துப் பிழை இருக்கான்னு.”

என்னைத் தேடி யாரும் நெட்டுக்கு வருவதில்லை, தன் வீட்டு விசிலைத் தேடித்தான் வருகிறார்கள் என்று அன்றைக்குப் புரிந்துகொண்டேன். கோட்டுப் போட்ட ஆலோசகருக்கு இது புரிய ஒரு புரொஜெக்டர் வேண்டியிருக்கிறது.

பிறகு மகன் கடையை எடுத்து நடத்த ஆரம்பித்தான். ஆலோசகரும் வந்தார். வலைப்பூ பழசாகத் தெரிகிறது என்று மொத்தத்தையும் அழித்துவிட்டுப் புதுத் தளம் கட்டினார். திறந்தால் ஒரு வெள்ளைக்காரி குக்கரைக் கட்டிக்கொண்டு சிரிப்பாள். ஒரு வார்த்தை கிடையாது. இரண்டே மாதத்தில் முதல் பக்கம் போனது, பத்தாம் பக்கமும் போனது, கடை போன் ஊமையானது. ஆலோசகர் பொறுமை வேண்டும் என்றார். மகன் முகத்தைப் பார்க்க முடியாமல் நான் மாடி ஏறினேன். பத்மாவதி பீரோவைத் திறந்து ஒரு கட்டு ஃபைல் எடுத்துக் கொடுத்தார். எல்லாப் பதிவும் இருந்தது, ஒவ்வொரு தாளிலும் என் கையெழுத்தோடு. அதைப் பார்த்துத்தான் மறுபடி ஏற்றினார்கள். மெதுவாகப் பழைய இடம் வந்தது. ஒவ்வொன்றின் கீழேயும் ‘எழுதியவர்: அட்மின்’ என்றும் வந்தது. அந்த அட்மின் ஒரு நாளாவது ரப்பர் மாட்டியிருப்பாரா?

இன்றைக்கு அந்த மாடியில் செல்போன் கவர் விற்கிறார்கள். பத்மாவதி மேல்கோட்டைக்கே, தங்கை வீட்டோடு போய்விட்டார். மரக்கதவை எடுத்துவிட்டு ஷட்டர் போட்டுவிட்டான் மகன். என்ன ஆயிற்று என்று நின்று சொல்ல யாருக்கும் நேரமில்லை. குக்கரை வைத்துவிட்டு நம்பர் வாங்கிக்கொண்டு போகிறார்கள். இப்போதெல்லாம் தேடினால் பதிலே மேலே வந்துவிடுகிறதாம், எந்தப் பக்கத்தையும் திறக்க வேண்டாமாம். படித்துக் காட்டச் சொன்னேன். என் பதில்தான், புஸ்ஸு உட்பட. ஆனால் யார் சொன்னது என்று இல்லை.

இதையும் நான் பேசப் பேசப் போன் எழுதிக்கொண்டது, மருமகள் திருத்தினாள். மகனும் ஆலோசகரும் படிக்க வேண்டும் என்றுதான் சொல்கிறேன். ஒவ்வொரு பதிவிலும் அட்மினை எடுத்துவிடுங்கள். சொன்னவர் என்று என் பெயரையும், எழுதியவர் பத்மாவதி என்றும் போடுங்கள். அடுத்த கூட்டத்தில் திரையில் காட்டும்போதும் அப்படியே இருக்க வேண்டும், நான் கண்ணாடி போடாமலே படிக்கிற அளவு எழுத்தில்.