கொலுவில் வைத்த தேர்

அண்ணனின் நினைவு மலருக்கு அவரைப் பற்றி நான்கு பக்கம் எழுதித் தரும்படி அண்ணி கேட்டு ஒரு மாதம் ஆகிறது. அச்சகத்திலிருந்து இரண்டு முறை ஆள் வந்து போய்விட்டார். எழுத விஷயம் இல்லாமல் நான் தாமதிக்கவில்லை. சொல்லியே ஆக வேண்டிய ஒன்றை எங்கே சொல்வது என்று தெரியாமல்தான் காகிதத்தை மடித்து மடித்து வைத்தேன். முறைப்படி பிறந்த ஊரிலிருந்தே தொடங்குகிறேன். அது வருகிற இடத்தில் வரட்டும்.

அண்ணன் பிறந்தது முசிறிக்குப் பக்கத்தில் காவிரிக் கரையோரச் சிற்றூர் ஒன்றில். அவருக்குப் பதினாறு வயதும் எனக்கு இரண்டு வயதும் நடக்கும்போது எங்கள் தந்தையார் காலமானார். அண்ணன் படிப்பை நிறுத்திவிட்டுப் பொன்மலை ரயில்வே பட்டறையில் வேலை பழகச் சேர்ந்தார். பிறகு அம்மாவையும் என்னையும் அழைத்து வந்து ஸ்ரீரங்கம் கீழச் சித்திரை வீதியில் ஒரு வாடகை வீட்டில் குடிவைத்தார். பட்டறைக்கு அருகிலேயே வீடு பார்த்திருக்கலாம். அம்மாவுக்குப் பெருமாள் பக்கத்தில் இருக்க ஆசை. அந்த ஆசைக்காக அண்ணன் தினமும் காவிரிப் பாலத்தைத் தாண்டிப் பொன்மலை வரை சைக்கிள் மிதித்தார். எதிர்க்காற்று அடிக்கும் ஆடி மாதத்தில்கூட அதைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை.

பட்டறையில் அவருக்கு மர மாதிரி செய்யும் வேலை. இரும்பில் வார்க்க வேண்டிய பாகத்தை முதலில் மரத்தில் செய்வார்கள். அதை மணலில் பதித்து எடுத்து, அந்தப் பள்ளத்தில் உருகிய இரும்பை ஊற்றுவார்கள். இரும்பு ரயிலோடு ஊர் சுற்றப் போய்விடும். மரம் ஒரு நம்பரைச் சுமந்துகொண்டு அலமாரிக்குப் போய்விடும்.

“ஓடுற வண்டியில எல்லாம் என் வேலை இருக்கு பாப்பா. எங்க இருக்குன்னு கேட்டா எனக்கே காட்டத் தெரியாது” என்பார். சிரித்துக்கொண்டுதான் சொல்வார். ஆனால் தான் செய்த ஒரு பொருளையாவது தன் பேரோடு பார்த்துவிட வேண்டும் என்ற ஏக்கம் அவருக்கு இருந்தது. அவர் பொம்மை செய்யத் தொடங்கியதே அதனால்தான் என்று நினைக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை வந்தால் வீட்டில் மரத்தூள் பறக்கும். தலையாட்டும் காளை ஒன்று செய்தார். அது ஒரு முறை ஆட்டத் தொடங்கினால் நிறுத்தாது. அம்மா அதன்மேல் துணியைப் போட்டு மூடிவைத்தார். பிறகு அண்ணன், நான்கு பேர் ஆடும் பலகை ஆட்டம் ஒன்றைக் கண்டுபிடித்தார். அதன் விதிகளை அவர் விளக்கி முடிப்பதற்குள் மூன்று பேர் தூங்கிவிடுவார்கள். விழித்திருந்த நான்காவது ஆள் நான். அதனால் ஒவ்வொரு புதுப் பொம்மைக்கும் முதல் பலியும் நானே.

இத்தனைக்கும் நடுவில் வந்ததுதான் அந்தத் தேர்.

சித்திரைத் தேர் முடிந்தால் எங்கள் வீதிக் குழந்தைகள் பொம்மைத் தேர் இழுப்பார்கள். நேராக இழுக்கும்வரை எல்லாம் சரி. மூலை வந்ததும் தேரைத் தூக்கித் திருப்பி வைத்துவிட்டு மறுபடி இழுப்பார்கள். எல்லோரும் பார்த்துப் பழகிய காட்சி அது. அண்ணனுக்கு மட்டும் அது பொறுக்கவில்லை.

“தூக்கித் திருப்பினா அது தேரா? கூடைன்னு சொல்லு” என்றார்.

பெரிய தேரை முட்டுக்கட்டை போட்டுத்தானே திருப்புகிறார்கள், பொம்மையும் அப்படியே திரும்ப வேண்டும் என்பது அவர் பிடிவாதம். இரண்டு வருஷம் அதில் உட்கார்ந்தார். கடைசியில் செய்து முடித்த தேர் ஒரு முழ உயரம். ஒரு பக்கத்துச் சக்கரத்துக்கு முன்னால் சின்ன மரக்கட்டையை வைத்து வடத்தை இழுத்தால் அந்தச் சக்கரம் நின்றுவிடும். அடியில் அவர் பொருத்தியிருந்த சுழல் பலகை மெல்ல விட்டுக்கொடுக்கும். தேர் தானாகத் திரும்பும். உள்ளே ஈயக் குண்டு ஒன்று தொங்கியதால் உச்சி அசைந்தாடும், ஆனால் சாயாது. ஒருவர் இழுக்க வேண்டும், இன்னொருவர் கட்டை போட வேண்டும். இரண்டு பேர் ஒத்துப்போனால்தான் தேர் நிலைக்கு வந்து சேரும்.

பட்டறையில் வரைபடம் போடும் நண்பர் ஒருவர் இதற்குப் பேடண்ட் வாங்கச் சொன்னார். கண்டுபிடித்தவர் பெயரை எழுதி, சர்க்கார் முத்திரை போட்டுக் கொடுக்கும் காகிதம் அது என்று கேட்டதும் அண்ணனுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. விண்ணப்பம் போடுவதற்கு முன்பே அந்தக் காகிதத்துக்குத் தேக்கில் ஒரு சட்டம் செய்து கூடத்தில் மாட்டிவிட்டார். எங்களுக்கு ஒரே ஒரு கட்டளைதான் போட்டார்.

“விண்ணப்பம் போய்ச் சேர்ற வரைக்கும் வெளியாள் யாரும் இதைப் பார்க்கக் கூடாது. பார்த்துட்டா அது புதுசுன்னு சட்டம் ஒத்துக்காது.”

நானும் அம்மாவும் தலையாட்டினோம். பட்டறைக்காரர்கள் வந்தால் தேரை அரிசி டின்னுக்குப் பின்னால் ஒளித்துவைத்தேன். தபால்காரர் வந்தபோதுகூட முந்தானையால் மூடினேன்.

அந்தப் புரட்டாசியில் பட்டறை வேலையாக அண்ணனை மதராசுக்கு அனுப்பினார்கள். பேடண்ட் விண்ணப்பம் தயாரித்துக் கொடுக்கும் வக்கீல் ஒருவரை அப்படியே பார்த்துவிட்டு வரலாம் என்று தேரின் வரைபடங்களையும் எடுத்துக்கொண்டு போனார். கல்கத்தாவில் இருக்கும் பேடண்ட் அலுவலகத்துக்குப் பூஜை விடுமுறை, திறந்ததும் அனுப்பிவிடலாம் என்று வக்கீல் சொல்லியிருக்கிறார். அங்கே பூஜை என்றால் இங்கே நவராத்திரி. எங்கள் வீட்டில் ஐந்து படி கொலு.

எனக்கு அப்போது பதினெட்டு வயது. அண்டை வீட்டுக் கொலுவில் சோளத்தட்டையில் ரயில் செய்து வைத்திருந்தார்கள். எங்கள் வீட்டில் அதே பழைய செட்டியார் பொம்மையும் கழுத்து ஒட்டவைத்த தசாவதாரமும்தான். அரிசி டின்னுக்குப் பின்னால் அப்படி ஒரு தேரை வைத்துக்கொண்டு நான் எப்படிச் சும்மா இருப்பேன்? வெளியாள் என்றால் எனக்குப் பட்டறைக்காரரும் கடைக்காரரும்தான். மஞ்சள் குங்குமத்துக்கு வரும் நம் வீதிப் பெண்களை யாராவது வெளியாள் என்பார்களா? முதல் நாளே தேரை எடுத்துத் துடைத்துக் கீழ்ப்படிக்கு முன்னால் கோலத்தின்மேல் வைத்தேன். பார்ப்பதோடு விடாமல், வந்தவர்களை இழுத்துப் பார்க்கவும் சொன்னேன்.

சரஸ்வதி பூஜையன்று சாயங்காலம் அண்ணன் திரும்பி வந்தார். கூடத்தில் பத்துப் பெண்கள். ஒரு சிறுமி வடத்தைப் பிடித்திருக்கிறாள், இன்னொருத்தி மூலையில் கட்டையோடு குந்தியிருக்கிறாள். அண்ணன் பெட்டியைக் கையில் பிடித்தபடி வாசற்படியிலேயே நின்றார். எவ்வளவு நேரம் நின்றார் என்று எனக்குத் தெரியாது. பிறகு பெட்டியை வைத்துவிட்டு உள்ளே வந்தார்.

“கட்டையை இன்னும் கொஞ்சம் உள்ள தள்ளும்மா. இப்ப இழு” என்றார்.

தேர் திரும்பியது. பெண்கள் எல்லோரும் கைதட்டினார்கள். அவர்கள் போன பிறகு என்னைக் கூப்பிட்டார்.

“எத்தனை நாளா இங்க இருக்கு?”

“மொத நாள்லேர்ந்து இருக்குண்ணே.”

“எத்தனை பேர் பார்த்திருப்பாங்க?”

“வீதி பூரா பார்த்துட்டாங்க. மேலச் சித்திரை வீதியிலேர்ந்துகூட வந்தாங்கண்ணே” என்று நான் பெருமையாகச் சொன்னேன்.

அண்ணன் என்னையே பார்த்தார். பிறகு சிரித்தார். “சுண்டல் மிச்சம் இருக்கா?” என்று கேட்டார். நான் செய்தது என்னவென்று அந்த நிமிஷம்கூட எனக்குப் புரியவில்லை.

பதினைந்து நாள் கழித்து வக்கீலின் கடிதம் வந்தபோதுதான் புரிந்தது. விண்ணப்பம் தயார், இதற்கு முன் இந்தப் பொருளை வெளியார் யாரும் பார்க்கவில்லை என்று கையெழுத்திட்டு அனுப்பவும் என்று எழுதியிருந்தார். நான் அழுதேன். அம்மா அழவில்லை, வழி சொன்னார்.

“கையெழுத்தைப் போட்டு அனுப்புப்பா. சுண்டல் வாங்கிட்டுப் போனவங்க கல்கத்தாவுக்குப் போயா சொல்லப் போறாங்க?”

“அவங்க சொல்ல மாட்டாங்கம்மா. ஆனா கையெழுத்து நான்ல போடணும்” என்றார் அண்ணன்.

தேரை வீதியே பார்த்துவிட்டதை மறைக்காமல் எழுதி அனுப்பினார். பேடண்ட் கிடைக்கவில்லை. எங்களுக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

அடுத்த மாதம் உறவில் ஒரு கல்யாணம். பந்தியில் பெரிய மாமா, “ஏம்பா, உன் தேர் என்னாச்சு?” என்று எல்லோரும் கேட்கக் கேட்டார். மறுவாரம் என்னைப் பெண் பார்க்க வருவதாக இருந்த குடும்பத்தாரும் அதே வரிசையில் இலைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். அண்ணன் சற்றும் யோசிக்கவில்லை.

“நான்தான் மாமா பெருமை தாங்காம கொலுவுல வெச்சுட்டேன். ஊரே பார்த்துடுச்சு” என்றார்.

பந்தி முழுவதும் சிரித்தது. கையில் வித்தை இருக்கிறது, அதைக் காப்பாற்றிக்கொள்ளச் சாமர்த்தியம் இல்லை என்று அன்றைக்கு அண்ணனுக்கு விழுந்த பெயர் கடைசிவரை போகவில்லை. இதைப் படிக்கும் உங்களில் பலரும் அந்தக் கதையைச் சொல்லிச் சிரித்திருக்கிறீர்கள். நான் அப்போது இரண்டு இலை தள்ளி உட்கார்ந்திருந்தேன். வாய் திறக்கவில்லை. அந்தச் சம்பந்தமே அமைந்து, இன்று எடமலைப்பட்டி புதூரில் நன்றாக இருக்கிறேன்.

அண்ணன் அதன் பிறகும் சும்மா இருக்கவில்லை. திருமணம் ஆகி அண்ணி வந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை மரத்தூள் இப்போது அண்ணியின் பாடு ஆயிற்று. இன்னொரு பொம்மைக்கு விண்ணப்பம் போட்டார். அதே பொம்மையை வெளிநாட்டில் ஒருவர் வெகு காலம் முன்பே செய்துவிட்டார் என்று பதில் வந்தது. மற்றவர்களாக இருந்தால் மனம் உடைந்திருப்பார்கள். அண்ணன் அந்தக் கடிதத்தை எடுத்துக்கொண்டு என் வீட்டுக்கே வந்துவிட்டார்.

“பாப்பா, அங்கயும் என்னை மாதிரியே ஒருத்தன் வேலை வெட்டி இல்லாம உக்காந்திருக்கான் பாரு” என்று அவ்வளவு சந்தோஷப்பட்டார். கூடத்தில் தொங்கிய காலிச் சட்டத்தில் அண்ணி ஒரு நாள் முகம் பார்க்கும் கண்ணாடியைப் பொருத்திவிட்டார்கள். அண்ணன் அதில் பார்த்துத் தலைவாரிக்கொண்டு வேலைக்குப் போவார்.

ஒரு முறை மலைக்கோட்டைக்குக் கீழே கடைவீதியில் நானும் அவரும் போய்க்கொண்டிருந்தோம். ஒரு பொம்மைக் கடையில் வரிசையாகத் தேர்கள். கட்டை வைத்தால் திரும்பும் தேர்கள். எனக்கு ரத்தம் கொதித்தது. அண்ணன் ஒன்றைக் கவிழ்த்துப் பார்த்தார். “அச்சைத் தப்பா வெச்சிருக்கான். பத்து நாள்ல இறுகிப் போயிடும்” என்று முகத்தைச் சுளித்தார். செய்தவரின் பட்டறையை விசாரித்துக்கொண்டு நேரே அங்கே போனார். தச்சருக்கு அச்சைச் சரியாகப் பொருத்திக் காட்டினார்.

“இந்த வேலை உங்களுக்கு எப்படிங்க தெரியும்?” என்று தச்சர் கேட்டார்.

“பொன்மலையில இருக்கேன். மர வேலை கொஞ்சம் பழக்கம்” என்று மட்டும் சொல்லிவிட்டு வெளியே வந்துவிட்டார்.

“உங்க தேருன்னு ஏண்ணே சொல்லல?” என்று வழியெல்லாம் கேட்டேன்.

“திரும்புதுல்ல, விடு” என்றார்.

சென்ற ஆண்டு நெஞ்சுவலி வந்து ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டு வீட்டுக்கு வந்தார். ஜன்னல் ஓரமாகக் கட்டில் போட்டிருந்தோம். ஒரு நாள் காலை வீதியில் மரச்சக்கரம் உருளும் சத்தம் கேட்டது. கண்ணைத் திறந்தார்.

“மூலையில தூக்குறாங்களா பாரு.”

எட்டிப் பார்த்தேன். “இல்லண்ணே. கட்டை வெச்சுத்தான் திருப்புறாங்க.”

“அச்சு சரியா இருக்கும்” என்று மறுபடி கண்ணை மூடிக்கொண்டார். அதற்குப் பிறகு மூன்று நாள்தான் எங்களோடு இருந்தார்.

காரியங்கள் முடிந்த பிறகு அண்ணியும் நானும் அவருடைய உளிப்பெட்டியைத் திறந்தோம். அடியில் ஒரு கடிதம் இருந்தது. அதே வக்கீல், பட்டறை விலாசத்துக்கு இரண்டாம் முறை எழுதியது. ஆங்கிலக் கடிதம் என்பதால் என் கணவர் படித்துப் பொருள் சொன்னார். உங்களுக்குத் தெரியாமல், உங்கள் சம்மதமும் இல்லாமல் வேறு யாராவது அதைக் காட்டியிருந்தால் சட்டத்தில் வழி இருக்கிறது, அப்படிக் காட்டியவர் ஒப்புக்கொண்டு கையெழுத்திட்டுக் கொடுத்தால் விண்ணப்பத்தை மேலே கொண்டுபோகலாம் என்று எழுதியிருந்தது.

கடிதத்தின் பின்புறத்தில் பதிலுக்கான வரைவை அண்ணன் பென்சிலால் எழுதியிருந்தார். முதலில் ‘என் தங்கை’ என்று தொடங்கி, அதை அழுத்தி அடித்திருந்தார். அதற்குக் கீழே இருந்தது இது: ‘ஐயா, தேரைக் கொலுவில் வைத்தவன் நானே. கையெழுத்துப் போட வேறு யாரும் இல்லை. தங்களுக்குத் தந்த சிரமத்தைப் பொறுத்துக்கொள்ளவும்.’

வீதியில் யாரும் பார்க்கவில்லை என்று ஒரு பொய் எழுத மறுத்தவர், எனக்காக இந்தப் பொய்யை எழுதியிருக்கிறார். கல்யாணத்துக்கு நிற்கும் தங்கை, தான் செய்த தப்பை ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்ட காகிதம் ஆபீஸ் ஆபீஸாகப் போக வேண்டாம் என்று நினைத்திருப்பார். என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போட்டிருப்பேன் அண்ணே.

அண்ணனின் கடைசி நாட்களில் இரவும் பகலும் கண்விழித்த அண்ணிக்கும், ஆஸ்பத்திரிக்குச் சாப்பாடு கொண்டுவந்த பக்கத்து வீட்டாருக்கும், பொன்மலையிலிருந்து சைக்கிளில் திரண்டு வந்து தோள் கொடுத்த பட்டறைத் தோழர்களுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. அன்று தேர் திரும்பியதைப் பார்த்துக் கைதட்டிய எங்கள் வீதிப் பெண்களுக்கும் நன்றி. அண்ணன் தன் வேலைக்காகக் காதால் கேட்ட கைதட்டல் அது ஒன்றுதான்.

அண்ணன் தவறிய வருஷத்தில் கொலு வைக்க எனக்கு மனம் வரவில்லை. வரும் நவராத்திரிக்கு வைப்பேன். அந்தத் தேர் இப்போது என்னிடம்தான் இருக்கிறது. அண்ணியைக் கேட்டுத் தேக்குச் சட்டத்தையும் வாங்கிக்கொண்டேன். கண்ணாடியைக் கழற்றிவிட்டு, என் கையால் எழுதிய ஒரு காகிதத்தை அதில் போட்டுத் தேருக்குப் பக்கத்தில் வைக்கப்போகிறேன். எல்லோரும் வந்து பாருங்கள். காகிதத்தில் இருக்கப்போவது இதுதான்:

‘இந்தத் தேரைக் கண்டுபிடித்தவர் என் அண்ணன். அவருக்குத் தெரியாமல், அவர் சம்மதம் இல்லாமல், இதைக் கொலுவில் வைத்தவள் நான்.

கையெழுத்து,
அவர் தங்கை.’