இரண்டு குளிசையும் ஒரு பொய்யும்

கலியாணம் பேசுகிற வீட்டில் நோய் வருத்தத்தின் பெயரை வெளியே விடமாட்டோம். எனக்கு மூட்டுவாதம் வந்து ஆறு வருடம். கேட்டவர்களுக்கெல்லாம் கையில் சுளுக்கு என்றே சொல்லிவந்தேன். ஆறு வருடமாக ஆறாத சுளுக்கை எங்கள் வெள்ளவத்தையில் எவரும் நம்பியிருக்க மாட்டார்கள். ஆனாலும் நான் விடவில்லை. மகளுக்கு இருபத்தேழு. தாயின் வருத்தம் பிள்ளைக்கும் வருமாமே என்று யாராவது வாய் திறந்தால் போதும், வந்த சாதகம் திரும்பிப் போய்விடும். அந்தப் பேச்சுக்குப் பயந்தேன். அது உண்மையாகிவிடுமோ என்று அதைவிடப் பயந்தேன்.

புதிய ஊசி மருந்து தொடங்க முன்னர், ஆய்வொன்றுக்கு இரத்தம் தருவீர்களா என்று ஆஸ்பத்திரியில் கேட்டார்கள். மூட்டுவாதக்காரரின் இரத்தத்திலுள்ள வெள்ளைக் கலங்களில் எந்தப் பரம்பரையலகுகள், அதுதான் ஜீன்கள், வேலை செய்கின்றன, எவை சும்மா இருக்கின்றன என்று பார்க்கிறார்களாம். தலையாட்டினேன். ஒரே நிபந்தனை, டொக்டர் படிப்படியாகக் குறைத்து நிறுத்தியிருந்த வீக்கத்தை அடக்குகிற சின்ன வெள்ளைக் குளிசையை இரத்தம் எடுக்கும்வரை தொடக்கூடாது.

இரத்தம் கொடுக்கிற நாள் காலை விரல்கள் மடங்கியபடியே கிடந்தன. சேலைக் கொசுவம் பிடிக்கக்கூட வரவில்லை. கிளினிக்கில் பாதி வெள்ளவத்தை உட்கார்ந்திருக்கும்; இந்தக் கையோடு அவர்கள் கண்ணில் படவா? அலுமாரியில் மிச்சமிருந்த மாத்திரை அட்டையிலிருந்து இரண்டு குளிசையைப் போட்டேன். பத்து மணிக்கு, மடிப்புக் கலையாத சேலையில், மகளையும் கூட்டிக்கொண்டு, சாமத்தியவீட்டுக் கொண்டாட்டத்துக்குப் போகிறவள் மாதிரி ஆஸ்பத்திரியில் போய் இறங்கினேன்.

இரத்தம் எடுக்க வந்த ஆய்வு டொக்டருக்கு மகளின் வயதுதான் இருக்கும்.

"குளிசை ஏதும் போட்டனீங்களா அன்ரி?"

"இல்லை."

கையில் பட்டியைக் கட்டினாள். மகள் பக்கத்துக் கதிரையில் போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் குரலைத் தாழ்த்தி, ஆறு வருடமாக எவரிடமும் கேட்காததைக் கேட்டேன்.

"இது பிள்ளையளுக்கும் போகுமா?"

"போகலாம், போகாமலும் விடலாம். ஜீன் இருந்தா வருத்தம் வந்தே தீரும் எண்டில்லை அன்ரி. அது எப்ப வேலை செய்யத் தொடங்குது, எதால அடங்குது எண்டு தெரிஞ்சா எங்களால ஏதும் செய்யலாம். அதைத்தான் உங்கட ரத்தத்தில பாக்கப்போறம். அந்தக் குளிசை உள்ள போனா, கூத்தடிக்கிற ஜீனும் அமைதியாயிடும். பிறகு எங்களுக்கு ஒண்டும் விளங்காது."

எனக்கு முகம் சுட்டது. மகளுக்காகக் கேட்ட கேள்விக்குப் பதில் தேடுகிறவர்களை நானே ஏமாற்றிக்கொண்டிருந்தேன். ஊசி தோலில் படுமுன் கையை இழுத்துக்கொண்டேன்.

"காலமை ரெண்டு போட்டனான் பிள்ளை. பொய் சொல்லிப்போட்டன்."

அவள் ஏசவில்லை. பட்டியை அவிழ்த்து, "சொன்னது பெரிய உதவி. உங்கட ஊசி தொடங்க இன்னும் நாள் இருக்கு, பிறகு வாங்கோ" என்று வேறொரு திகதி எழுதித் தந்தாள். வெட்கத்தோடு வெளியே வந்தேன். பின்னால் வந்த மகள் நடைபாதையில் நின்றுவிட்டாள்.

"அம்மா, எனக்கும் ரெண்டு மாசமா காலமையில விரல் விறைக்குது."

"ஏன் சொல்லேல்ல?"

"நீங்கள் தந்ததெண்டு நினைச்சு அழுவீங்கள்."

அழத்தான் செய்தேன், அத்தனை பேர் பார்க்க. பிறகு மூக்கைத் துடைத்துவிட்டு, அவளை இழுத்துக்கொண்டு போய் என்னுடைய டொக்டரின் வரிசையில் நம்பர் எடுத்தேன். சோதனைகள் எல்லாம் முடிந்தபின், அதேதான், ஆனால் ஆரம்பத்திலேயே பிடித்துவிட்டோம் என்றார் டொக்டர். கிழமைக்கு ஒருநாள் மருந்து. இப்போது காலையில் விரல்களைத் தாராளமாக மடக்கி நீட்டுகிறாள். நானும் சொன்ன திகதியில், குளிசை போடாமல், கசங்கிய சட்டையோடு போய் இரத்தம் கொடுத்துவிட்டு வந்தேன். புதிய ஊசிக்கு என் விரல்களும் கொஞ்சம் கொஞ்சமாக இணங்கி வருகின்றன.

போன மாதம் ஒரு சம்பந்தம் வந்தது. சாதகம் பார்க்கமுன் மாப்பிள்ளையோடு தானே கதைக்கவேண்டும் என்று மகள் ஒற்றைக்காலில் நின்றாள். கடற்கரை வீதியில் சந்தித்துவிட்டு வந்தவளை வாசலிலேயே மறித்தேன்.

"எல்லாம் சொன்னியா?"

"ஓம், சொன்னனான்."

"அதுக்கு என்னவாம்?"

"மருந்து என்ன நாளில எடுக்கிறது எண்டு கேட்டவர். ஞாயிறு எண்டன். நான் மறக்காமல் இருக்க, தானே போனில கோல் எடுத்து ஞாபகப்படுத்துவாராம்."