புளி போட்டுத் தேய்த்த பைப்

கொடைக்கானல் பழைய சாமான் கடையில், இருப்பதிலேயே விலை குறைந்த புகைபிடிக்கும் பைப்பை எடுத்து, பற்றவைக்காமல் உறிஞ்சிப் பார்த்தேன். ஆறிய சாம்பலின் கசப்பு நாக்கில் ஏறியது.

திண்டுக்கல்லில் அப்பா ஆங்கில வாத்தியாராக இருந்தார். திரு இருதய ஆண்டவர் படத்துக்குக் கீழே ஆறு பைப்புகளை மர ஸ்டாண்டில் அடுக்கி வைத்திருந்தார். தொண்டையில் புற்று, ஆபரேஷனுக்குப் பிறகு பேச்சு வராது என்று டாக்டர் சொன்ன நாளிலிருந்தே அவர் வாயை மூடிக்கொண்டார்.

"வீட்டுல இருக்கிற ஆறையும் அப்பா தொட மாட்டேங்கறாரு. வேற, வெல கம்மியா ஒன்னு பாரு பாப்பா. பத்த வைக்க வேணாம், வாயில வச்சுப் பாக்கட்டும். ஒரு வார்த்தையாச்சும் பேசிட்டுப் போகட்டும்," என்று அம்மா என்னைப் பழைய இரும்புக் கடைக்கு இழுத்துப் போனாள். எனக்கு அப்போது பன்னிரண்டு வயது. அப்பா செய்வதுபோல ஒவ்வொன்றாக உறிஞ்சினேன். கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அம்மா முந்தானையால் துடைத்துத் துடைத்து அடுத்ததை நீட்டினாள்.

காற்று தடையில்லாமல் வந்த ஒன்றை வாங்கினோம். அதில் பித்தளைப் பூண் இருந்தது. அது பளபளக்க வேண்டுமென்று, குடம் விளக்குவதுபோல உள்ளும் புறமும் புளி போட்டுத் தேய்த்தேன்.

அப்பா வாயில் வைத்தார். முகம் கோணியது.

"புளி போட்டா தேச்ச?"

அம்மா அடுப்படியிலேயே உட்கார்ந்து அழுதாள். அடுத்த வாரம் மதுரையில் அவர் குரல்வளையை எடுத்துவிட்டார்கள். அதுவரை வேறெதுவும் அவர் பேசியிருக்கவில்லை.

"நல்லா இழுக்குதா மேடம்?" என்றார் கொடைக்கானல் கடைக்காரர்.

"இதையே குடுங்க."

வீட்டுக்கு வந்ததும், ஒவ்வொரு முறை பைப் வாங்கும்போதும் செய்வதுபோல, முதலில் புளியை ஊறவைத்தேன்.