அழியாத ஆற்றலும் அத்தானின் என்ஜினும்

ஆற்றலை ஆக்கவும் முடியாது, அழிக்கவும் முடியாது. பத்தாம் வகுப்பில் இதை எழுதி இரண்டு மதிப்பெண் வாங்கியவன் நான். அதற்கு மேல் படிக்கவில்லை. எப்போதோ வாய்விட்டுச் சொன்ன அந்த ஒரு வரியை வைத்தே அக்காவின் கணவர் போன கோடையில் என் உயிரை எடுத்துவிட்டார்.

நானும் அத்தானும் சேர்ந்து உப்பளம் பார்க்கிறோம். டீசல் என்ஜின்தான் உப்புத் தண்ணீரை இறைத்துப் பாத்திகளுக்கு விடும். அத்தான் செல்போனில் எதையோ பார்த்துவிட்டு மேட்டில் ஒரு தொட்டி கட்டினார். தொட்டித் தண்ணீர் விழுந்து இரும்புச் சக்கரத்தைச் சுற்றுமாம். சக்கரம் பம்பை ஓட்டுமாம். பம்பு அதே தண்ணீரைத் தொட்டிக்கு ஏற்றுமாம். மிஞ்சுவது பாத்திக்காம்.

"ஓடாது அத்தான்" என்றேன். அதுவும் பாதி வாய்க்குள்ளேயே நின்றுவிட்டது.

"ஏலே, அழிக்க முடியாதுன்னு நீதான சொல்லுத? அழியாதது எங்கலே போவும்? சுத்தி இங்கனதான வரணும்?"

மூன்று நாள் பல்லைக் கடித்துக்கொண்டு உப்பு வாரினேன். அதற்குள் அவர் என்ஜினை விற்கப் பேசி முடித்துவிட்டார். பாத்திகளோ புதுத் தண்ணீருக்குக் காத்துக் கிடந்தன. இருக்கிற தண்ணீர் வெயிலில் வற்றி முற்றினால் உப்பு முழுக்கக் கசந்துவிடும்.

வாங்குகிறவன் வரும் நாளில், காலையிலேயே தேங்காய் உடைத்துத் தொட்டியின் மதகைத் திறந்தார். தொட்டியை நிரப்பிக் கொடுத்ததும் அந்த என்ஜின்தான். அது அவருக்கு உறைக்கவில்லை. சக்கரம் கிறீச்சிட்டுச் சுற்றியது. பம்பு கொஞ்சம் தண்ணீர் துப்பியது. தொட்டி வற்றியதும் எல்லாம் நின்றது.

"எவன் கண்ணு பட்டுச்சோ" என்றார்.

உப்புக்காற்றில் துருவேறிய சக்கரத்துப் பேரிங்கைத் தொட்டுப் பார்த்தேன். சுரீரென்றது.

"அத்தான், இங்கன கை வைங்க."

வைத்தார். "யாத்தே!"

"அழியல. சூடா போயிருச்சு. இந்தச் சூட்டைப் பிடிச்சா தண்ணி ஏத்துவீங்க?"

விரலை ஊதிக்கொண்டே யோசித்தார். புரிந்துவிட்டது என்றே நம்பினேன்.

"அப்போ கிரீஸ் போட்டா போவாதுல்லா?"

"சூடே வராட்டியும், விழுந்த தண்ணி அதே அளவு தண்ணியத்தான் ஏத்தும். பாத்திக்கு எங்கன இருந்து மிஞ்சும்?"

அவர் வாய் திறப்பதற்குள் என்ஜினை வாங்குகிறவனின் வண்டிச் சத்தம் கேட்டது. டீக்கடையில் சர்க்கரை போடாமல் கொடுத்தால்கூடக் கேட்காமல் குடித்துவிட்டு வருகிறவன் நான். அன்று போய் என்ஜின்மேல் உட்கார்ந்துகொண்டேன்.

"அண்ணாச்சி, எந்திரிங்க, ஏத்தணும்" என்றான் வண்டிக்காரன்.

"இது விக்கதுக்கு இல்ல."

"என்னலே மாப்ளே, ஊரான் முன்னால..."

"பாத்தி காயுது அத்தான். டீசலை ஊத்துங்க."

என் சத்தம் எனக்கே புதிதாக இருந்தது. முணுமுணுத்தபடி ஊற்றினார். வண்டி வெறுமையாகத் திரும்பியது. பாத்திகளுக்குத் தண்ணீர் பாய்ந்தது.

மறுநாள் சக்கரத்தடியில் ஒரு கிரீஸ் டப்பா இருந்தது. இன்றைக்கும் அளத்துக்குள் நுழைந்தால், என்ஜின் இருக்கிறதா என்றுதான் முதலில் பார்க்கிறேன்.