தாத்தாவைக் கடலில் தேடினேன்

போன வருஷம் ஆடி அமாவாசைக்கு ஒரு வாரம் முன்னாடி நடந்தது இது. எண்ணூர் நெடுஞ்சாலையில ஒரு கன்டெய்னர் யார்டு ஆபீஸ்ல எனக்கு வேலை. கப்பல்ல வந்து இறங்கற பெட்டி யாருக்குப் போகணும், எந்த ட்ரெய்லர்ல ஏறணும்னு காகிதம் சரிபார்த்து அனுப்பணும். மதியம் ரெண்டு மணி இருக்கும். வெயிலும் புழுதியும் உப்புக்காத்தும் கலந்து வெளியே எல்லாமே வெள்ளையா மிதந்துகிட்டு இருந்துச்சு. வள்ளூர் கரண்ட் ஆலைப் புகைபோக்கிக்கு அடியே இல்லாத மாதிரி தலை மட்டும் தெரிஞ்சுது. சாப்பிட்ட மயக்கத்துல கண்ணு சொருக, தினமும் செய்யற வேலையைத்தான் அன்னிக்கும் செஞ்சுகிட்டு இருந்தேன். கம்ப்யூட்டர்ல எங்க தாத்தாவைத் தேடறது!

தாத்தான்னா எங்க நைனாவோட அப்பா. ரெண்டாம் உலகப் போர் சமயத்துல மிலிட்டிரியில சேர்ந்து, மெட்ராஸ் ஹார்பர்ல கப்பல் ஏறினவர். நைனா அப்போ தவழ்ற குழந்தை. போனவர் போனவர்தான். சேதி வரலையா, வந்த காகிதத்தைப் படிக்க ஆளில்லாம எங்கேயாவது சொருகி வெச்சாங்களா, யாருக்கும் தெரியாது. ரங்கூன்ல வேற குடும்பம் வெச்சுகினு அங்கேயே தங்கிட்டான்னு எங்க திருவொற்றியூர் குப்பத்துல பேசிக்கிட்டாங்க. நைனாவுக்கு 'ஓடிப்போனவன் மவன்'னே பேராகிடுச்சு. ஆயா, அதான் நைனாவோட அம்மா, மட்டும் எதையும் காதுல வாங்கல. சாகற வரைக்கும் பூவும் பொட்டுமாவே இருந்துச்சு.

ஒவ்வொரு ஆடி அமாவாசைக்கும் ஊரே கடற்கரையில எள்ளும் தண்ணியும் விடும். நைனா முழுக்கு மட்டும் போட்டுட்டு வெறுங்கையோட கரையேறிடும். ஏன்னு கேட்டா, "உயிரோட கீறவருக்கு எள்ளு எறைக்கலாமாம்மா? அவருக்கு நீச்சல் தெரியும். கடல் அவரை இன்னா பண்ணும்?" அப்படின்னு நம்மையே திருப்பிக் கேக்கும். எண்பதைத் தாண்டின ஆள், இன்னும் அப்பா வருவார்னு சாயங்காலத்துல கடற்கரைக் கல்லு மேல போய் உட்காரும். பார்க்கவே எனக்கு ஆத்திரமா வரும், அழுகையாவும் வரும். நைனா கண்ணை மூடறதுக்குள்ள ஒரு பதில் கண்டுபிடிச்சுக் கொடுத்துடணும்னு ஒரு வெறி.

போர்ல இறந்த சிப்பாய்ங்க பேரெல்லாம் ஒரு வெளிநாட்டு வெப்சைட்ல இருக்குன்னு தெரிஞ்சு, மூணு வருஷமா அதுலயே கிடந்தேன். பழைய ஆவணம் வெச்சிருக்கற ஆபீஸுக்கும் லீவு போட்டுட்டு ரெண்டு தடவை போனேன். ஒண்ணும் சிக்கல. கனவுல மட்டும் தாத்தா வருவார். முகம் தெரியாது, முதுகுதான். தண்ணி மேலேயே நடந்து போயிகிட்டு இருப்பார், கூப்பிடலாம்னா எனக்குக் குரல் வராது.

அன்னிக்கு ரசீதுல கையெழுத்து வாங்க ஒரு ட்ரெய்லர் டிரைவர் உள்ளே வந்தார். அதுக்கு முன்னாடி அவரை நான் பார்த்ததில்ல. திரையை எட்டிப் பார்த்துட்டு, "இன்னாக்கா, கப்பல் படமா?"ன்னார். எரிச்சல்ல முழுக்கதையும் கொட்டிட்டேன். கடற்படைப் பட்டியல்ல தாத்தா பேரே இல்லையேன்னு புலம்பினேன்.

"அவர் கடற்படைன்னு உனக்கு யார் சொன்னது?"

"மீனவர். மிலிட்டிரியில சேர்ந்தார், கப்பலும் ஏறினார். வேற என்னவா இருப்பார்?"

மனுஷன் சிரிச்சார். "இன்னாக்கா நீ! கப்பல்ல போனவன்லாம் கப்பல்காரனா? தோ, இந்தப் பொட்டிகூடத்தான் கப்பல்ல வந்துச்சு. எறங்குனப்புறம் ரோட்லதான போவுது?"

சொல்லிட்டுக் கையெழுத்து வாங்கிட்டுப் போயிட்டார். கடலைத் தவிர வேற எதையும் நினைக்கத் தெரியாத ஜனம் நாங்க. மூணு வருஷமா ஒவ்வொரு தடவையும் 'கடற்படை'ங்கற கட்டத்துல டிக் அடிச்சுட்டுத் தேடின என் புத்தியை என்னன்னு சொல்றது! அந்த டிக்கை எடுத்துட்டு, தரைப்படையில தேடினேன்.

தெருவுக்கு நாலு பேர் வெச்சுக்கற பேர் தாத்தாவுக்கு. அதனால வரிசையா வந்துச்சு. ஒவ்வொண்ணா திறந்து பார்த்தேன். ஏழாவது ஆள், பர்மா எல்லையில ரோடு போட்ட படைப்பிரிவு. வயசு இருபத்தாறு. அங்க ஒரு நினைவுத்தூண்ல பேர் வெட்டியிருக்காங்களாம். கடைசியில பொடி எழுத்துல ஒரு வரி இருந்துச்சு. திருவொற்றியூரைச் சேர்ந்த இன்னாரோட மகன், இன்னாரோட கணவர். அந்த ரெண்டாவது பேர் எங்க ஆயாவோடது.

என் பெரிய பையனைவிட ரெண்டு வயசுதான் மூத்தவர் அந்தத் தாத்தா. டேபிள்ல தலையைக் கவுத்துகிட்டு அழுதேன். வெளியே கிரேன் சத்தம் எங்கேயோ தண்ணிக்கு அடியில இருந்து வர்ற மாதிரி கேட்டுச்சு.

சாயங்காலம் வீட்டுக்குப் போகவே கால் வரல. இத்தனை வருஷமா நைனாவுக்கு உயிரோட இருந்த அப்பாவை, நான் இன்னிக்குப் போய் சாகடிக்கணும். கல்லு மேல உட்கார்ந்திருந்த நைனா பக்கத்துல உட்கார்ந்து மெதுவா சொன்னேன்.

"கடல்லயா?" அதை மட்டும் கேட்டுச்சு.

"இல்ல நைனா. தரையில. ரோடு போட்டுகினு இருந்தாரு."

"அதானே. கடலா இருந்தா நீஞ்சி வந்துருப்பாரு."

அப்புறம் அந்தக் கடைசி வரியைப் படிக்கச் சொல்லுச்சு. படிச்சேன். மறுபடியும் படிக்கச் சொல்லுச்சு. எத்தனை தடவை படிச்சேன்னு நினைவில்ல. "எங்கம்மா பேரைத்தான் சொல்லிருக்காரு"ன்னு சொல்லிட்டுத் துண்டால முகத்தை மூடிக்கிச்சு. "ஓடிப்போனவன்னு சொன்னவன்லாம் செத்துட்டானுங்களே, இதை யாருகிட்ட போயி காட்டுவேன்?" அப்படின்னு கேட்டுச்சு.

துண்டை எடுத்துட்டு, "அம்மா பொட்டு வெச்சுகினு இருந்தது தப்பில்லயே?"ன்னு குழந்தை மாதிரி கேட்டுச்சு.

"தப்பே இல்ல நைனா. கட்டினவர் கடைசி வரைக்கும் ஆயா பேரைத்தானே சொல்லிருக்காரு?"

அமாவாசை அன்னிக்கு விடிஞ்சும் விடியாம, மேகமூட்டத்துல கடலும் வானமும் ஒரே சாம்பல் நிறத்துல இருந்துச்சு. இடுப்பளவு தண்ணியில நின்னுகிட்டு, உள்ளங்கையில எள்ளோட, "பர்மா எந்தப் பக்கம்மா?"ன்னு கேட்டுச்சு நைனா. நேர் எதிரே கையைக் காட்டினேன். "இத்தினி வருசமும் சரியான பக்கம்தான் பாத்துகினு இருந்திருக்கேன்"னு சொல்லிட்டு, வாழ்க்கையில முதல் தடவையா எள்ளும் தண்ணியும் விட்டுச்சு.

எங்க ஆபீஸ் காகிதத்துல, சரக்கு வந்து சேர்ந்ததும் யாருக்குச் சேதி சொல்லணும்னு ஒரு கட்டம் இருக்கும். முன்னெல்லாம் அதைச் சும்மா கண்ணால ஓட்டிட்டுப் போயிடுவேன். இப்போ அந்தக் கட்டத்துக்கு வந்தா என் கை தானா நின்னுடுது. யாரோ ஒரு இருபத்தாறு வயசுக்காரர் படைக் காகிதத்துல தன் பொண்டாட்டி பேரை மறக்காம சொல்லி வெச்சதாலதான், இத்தனை வருஷம் கழிச்சாவது அவர் வூடு வந்து சேர்ந்தார்.