போர்ட் மெரின் சரிவில் படகைப் பிடித்தவன்

நம்பினால் நம்புங்கள், இல்லையென்றால் விடுங்கள். என் விலா எலும்பு முறிந்தது பொய்யில்லை. நடந்தது பட்டப்பகலில். நான் குடித்திருக்கவும் இல்லை.

தெற்கு ஆஸ்திரேலியாவின் போர்ட் மெரினுக்கு நான் குடிவந்து ஒரு வருஷம்கூட ஆகாத சமயம். நானும் என் சிநேகிதன் கிளெமும் கட்டமரானில், அதாவது இரண்டு அடிப்பாகம் உள்ள பாய்ப்படகில், போயிருந்தோம். சுக்கான் என் கையில். கிளெம் அதைத் தொடவே மாட்டான். கேட்டால் எரிந்து விழுவான். திடீரென்று காற்று திரும்பிக் கரையை நோக்கி அடிக்க ஆரம்பித்தது. பேய்க்காற்று.

அப்படிப்பட்ட காற்றில் இங்கே ஒரு வழக்கம் உண்டு. படகு ஏற்றி இறக்கும் சிமெண்ட் சரிவில் யாராவது இடுப்பளவுத் தண்ணீருக்கு இறங்கி, வரும் படகின் மூக்கைப் பிடித்துக்கொள்வார்கள். அவர் கை பட்டதும் பாய்க்கயிற்றை விட்டுவிட வேண்டும். விடாவிட்டால் பாயில் காற்று நிறைந்து படகு அவர்மேலேயே ஏறிவிடும்.

அன்று சரிவை ஒட்டிய படகு கிளப் பூட்டிக் கிடந்தது. ஆனாலும் சரிவில் ஒருவன் கையைத் தூக்கிக்கொண்டு நின்றான்.

"யாருடா அது?" என்றேன்.

கிளெமின் முகம் வெளுத்திருந்தது. "திருப்புடா. வேற எங்கயாச்சும் கரையேத்து."

"பாறையில மோதிச் சாகவா?"

அலை அவன் தலைக்கு மேல் உடைந்தது. அவன் அசையவில்லை. இன்னொரு அலை... தூக்கிய கைகூட இறங்கவில்லை.

அவன் கை படகில் பட்டது. கயிற்றை விட்டேன். பாய் படபடவென்று அடித்துக்கொண்டது.

படகு சுவரில் மோதியதுபோல் நின்றது. நான் பாய்மரத்தில் போய் விழுந்தேன். விலா முறியும் சத்தம் எனக்கே கேட்டது. கிளெம் தண்ணீரில் விழுந்தான்.

சரிவில் நின்றவன் கிளெமின் கழுத்தைப் பிடித்தான். அமுக்கினான். மிதவைச் சட்டை போட்டிருந்தும் கிளெம் உள்ளே போனான்.

"கயித்த விடு," என்றான் அவன்.

"விட்டாச்சுய்யா!"

அவன் என்னைப் பார்க்கவே இல்லை.

"கயித்த விடு..."

துடுப்பால் அவன் மண்டையில் அடித்தேன். டொக்... மறுபடியும் டொக்... துடுப்பு முறிந்தது.

கிளெமின் கால்கள் உதறின.

பிறகு உதறவில்லை.

பெரிய அலை ஒன்று எங்கள் இருவரையும் படகோடு தூக்கிச் சரிவில் அறைந்தது. திரும்பிப் பார்த்தேன்... யாருமில்லை.

கிளெமின் நெஞ்சில் குத்து குத்தென்று குத்தினேன். தண்ணீரைக் கக்கினான். நான் ஓவென்று அழுதுவிட்டேன்.

ஆஸ்பத்திரிக்கு ஏவ்ரில் வந்தாள். கிளப் கேன்டீனை நடத்துபவள். அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

"அது என் தம்பி டாரில்," என்றாள். "நீ வர்றதுக்கு முந்தி, கிளெமோட படகப் பிடிக்க டாரில் தண்ணியில இறங்கினான். கிளெம் பயத்துல கயித்த விடல. படகு அவனச் சரிவோட சேத்து நசுக்கிடுச்சு. மூச்சு நிக்கிற வரைக்கும் டாரில் 'கயித்த விடு'ன்னேதான் கத்துனான். அதப் பத்தி இங்க யாரும் பேசறதில்ல."

அப்போது நர்ஸ்கள் கிளெமின் கைமுட்டியைத் திறக்க முடியாமல் திணறிக்கொண்டிருந்தார்கள். இருவர் சேர்ந்து விரல் விரலாகப் பிரித்தார்கள். உள்ளே ஒரு துண்டு நீலக் கயிறு. எங்கள் படகின் பாய்க்கயிறு சிவப்பு.

ஏவ்ரில் அதைத் தொடவில்லை.

"அது கிளெமோட பழைய படகுக் கயிறு," என்றாள். "டாரிலப் புதைச்ச அன்னிக்கு என் கையாலயே எரிச்சேன்."